மார்கரெட்டை மெல்பர்னுக்கு அழைத்துப் போனோம்

ஆஸ்திரேலியாவில் எரிமலைகள் உண்டு என்பதே ஒரு பசுமாட்டால்தான் எனக்குத் தெரியவந்தது. படிக்க வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியும் நான் பார்த்த நாடு ரயில் ஜன்னல் அகலத்துக்குத்தான் இருந்தது. வாரநாட்களில் வகுப்பு. சனி, ஞாயிறு ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவும் வேலை. கூடப் படிப்பவர்கள் கடற்கரைச் சாலை, பனிமலை என்று படம் படமாகப் போடுவார்கள். நான் லைக் போட்டுவிட்டுத் தூங்கிவிடுவேன். 2013 மார்ச்சில் வசந்தி அக்காவின் வீடு கட்டி முடிந்தது. அதன் புண்ணியத்தில் எனக்கும் ஒரு பயணம் வாய்த்தது.

வசந்தி அக்காவும் பிரபாகர் அண்ணனும் சேலத்துக்காரர்கள். அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டில் எனக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள். இப்போது மெல்பர்னின் மேற்கு ஓரத்தில், டார்னீட் என்ற புதுக் குடியிருப்பில், சொந்த வீடு எழுந்துவிட்டது. கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தாயிற்று. அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். பசு வர வேண்டும். அதுவும் கன்றோடு வர வேண்டும்.

ஏன் கன்றோடு என்று அவர் சொல்லவில்லை. பிரபாகர் அண்ணன்தான் துணி காயப்போடும்போது என்னிடம் சொன்னார். "அவளுக்கு இப்போ ஆறாம் மாசம். இதுக்கு முன்னாடி ரெண்டு தடவை தங்கலை, உனக்குத் தெரியும். கன்னோட பசு வாசப்படி தாண்டிட்டா இந்தத் தடவை எல்லாம் நல்லபடியா முடியும்னு மனசுல வச்சிருக்கா. சாஃப்ட்வேர்ல கோளாறுன்னா நான் சரி பண்ணிடுவேன். இதுக்கு நான் எங்கடா போவேன்?"

எனக்கு உடனே யோகன் அண்ணன் ஞாபகம் வந்தார். படகில் வந்த ஈழத்தமிழர். விசா கிடைத்த புதிதில் மெல்பர்னின் டாண்டினாங் பகுதியில் நாங்கள் சிலர் மாலையில் நடத்திய ஆங்கில வகுப்புக்கு வருவார். பிறகு மேற்கே, கொராய்ட் என்ற ஊர்ப்பக்கம் ஒரு பால்பண்ணையில் வேலை கிடைத்துப் போய்விட்டார். போன் செய்தேன்.

"மாடோ? இஞ்ச மாட்டைத் தவிர வேற என்ன கிடக்கு," என்றார். "போஸிட்டக் கேட்டுச் சொல்லுறன்." பண்ணை முதலாளியை அவர் 'போஸ்' என்றுதான் சொல்வார்.

முதல் நாளே ரயிலில் போய் அவருடைய தகரக் கொட்டகை வீட்டில் தங்கினேன். சோறும், நண்டுக் குழம்பும், ஒரு கிண்ணம் கட்டித் தயிரும் கொடுத்தார். அந்தத் தயிரைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம்.

காலையில் பண்ணை முதலாளி தன் தோட்டத்து வேலியில் சாய்ந்தபடி என்னை விசாரித்தார். செங்கல் நிற முகம், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். "இவன் சொல்வது உண்மையா? உங்கள் ஆட்கள் மாட்டை வீட்டுக்குள்ளேயே விடுவார்களா?"

ஆமாம் என்றேன்.

"கார்ப்பெட் மேலேயா?"

"பிளாஸ்டிக் விரிப்பு போடுவோம்."

அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். "என் மனைவி என்னையே இந்த பூட்ஸோடு உள்ளே விடமாட்டாள்," என்றார். அனுமதி கிடைத்துவிட்டது.

யோகன் அண்ணன் பசுவை ஓட்டி வந்தார். கறுப்பு வெள்ளை உடம்பு, காதில் மஞ்சள் அட்டை, பெரிய சாந்தமான கண். "இதுதான் மார்கரெட். போஸின்ர பெரியம்மான்ர பேர். பெரியம்மா போய்ச் சேர்ந்திட்டா. பேர் வீணாப் போகக் கூடாதெண்டு இதுக்கு வச்சிருக்கினம்." பின்னாலேயே ஒரு கன்று துள்ளிக்கொண்டு வந்தது. தேன் நிறம், மான்குட்டி முகம். எனக்குக் கொஞ்சம் இடித்தது. தாய் கறுப்பு வெள்ளை, கன்று செவலை. ஆனால் எங்கள் ஊரிலும் ஊசி போட்டுப் பிறக்கிற கன்றுகள் எந்த நிறத்திலும் வரும். கேட்காமல் விட்டேன்.

குதிரைகளை ஏற்றிப் போகும் ஃபுளோட் என்ற இழுவண்டிதான் எங்கள் தேர். உள்ளே நீளவாக்கில் ஒரு தடுப்புப் பலகை இருந்தது. ஒரு பக்கம் மார்கரெட், மறுபக்கம் கன்று. அதை, பின்புறம் திறந்த முதலாளியின் யூட் வண்டியின் பின்னால் மாட்டிக்கொண்டு புறப்பட்டோம். ராகுகாலம் கழித்துத்தான் கிளம்ப வேண்டும் என்று அக்கா மெசேஜ் அனுப்பியிருந்தார். மெல்பர்ன் ராகுகாலமா, சேலம் ராகுகாலமா என்று கேட்டு அனுப்பினேன்.

புறப்பட்ட சற்று நேரத்திலேயே யோகன் அண்ணன் வண்டியை ஓரம் கட்டினார். "இறங்கும். இதைப் பாக்காமப் போனா பிறகு என்னைத் திட்டுவீர்."

பாதையோரத்தில் நின்று எட்டிப் பார்த்தேன். கீழே ஒரு மாபெரும் கிண்ணம். கிண்ணத்தின் அடியில் ஏரி. ஏரியின் நடுவில் மாவுருண்டை பிடித்து வைத்ததுபோல் சிறு சிறு குன்றுகள், அவற்றின் மேல் மரங்கள். ஓர் ஈமு கோழி எதையோ தொலைத்துவிட்டுத் தேடுவதுபோல் நடந்துகொண்டிருந்தது. டவர் ஹில் என்று பலகை சொன்னது. அது ஓர் எரிமலையின் வாய்.

"இது வெடிக்குமாண்ணா?"

"படுத்திட்டுது. இஞ்சத்தையான் எரிமலை எல்லாம் ஓய்வூதியம் எடுத்திட்டுதுகள். அந்தச் சாம்பல்தான் இந்த மண். அதிலதான் இந்தப் புல்லு. அதைத்தான் மார்கரெட் திண்டு பாலாத் தாறா." அவர் வண்டியைக் கிளப்பினார். "அப்ப நேற்று நீர் சாப்பிட்ட தயிரும் எரிமலைதான்."

அதன் பிறகு எனக்குக் கண் ஓயவில்லை. வார்னம்பூல் தாண்டியதும் நிலம் தட்டையாகிவிடுகிறது. அந்தத் தட்டையில் திடீர் திடீரென்று ஒவ்வொரு மலையாக எழுந்து நிற்கிறது. நம் ஊர் மலைகளைப் போல் கைகோத்துக்கொண்டு வருவதில்லை. ஒவ்வொன்றும் தனி ஆள். டெராங் ஊருக்குப் பக்கத்தில் நூராட் மலை, கவிழ்த்து வைத்த தோசைக்கல் மாதிரி. வடக்கே வெகுதூரத்தில் எலிஃபண்ட் மலை, பெயருக்கு ஏற்றபடி முதுகு காட்டிப் படுத்திருந்தது. இங்கே மார்ச் கோடை முடிகிற காலம் என்பதால் எல்லாவற்றின் மேலும் புல் காய்ந்து, மொட்டை போட்டுச் சந்தனம் தடவிய தலைபோல் மஞ்சளாக இருந்தது. மரமே இல்லாததால் பள்ளம் மேடு எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. அந்த மலைகளில் ஏறுவதற்கு மாடுகளே பாதை போட்டு வைத்திருந்தன, சுற்றிச் சுற்றி, கூம்பு ஐஸ்கிரீமில் விழுகிற வரிபோல்.

வண்டி மெதுவாகத்தான் போனது. பின்னால் ஒரு வெள்ளைக் கார் மிக நெருக்கமாக ஒட்டிக்கொண்டே வந்தது. மார்கரெட் அப்போது பார்த்து வாலைத் தூக்கினாள். ஃபுளோட்டின் பின்கதவு பாதி உயரம்தான். அந்தக் கார் அதற்குப் பிறகு வெகுதூரம் தள்ளியே வந்தது.

"இடைவெளி விட்டு ஓட்டச் சொல்லி ரோட்டு ரோட்டாப் பலகை வச்சிருக்கிறாங்கள்," என்றார் யோகன் அண்ணன். "மார்கரெட் சொன்னாத்தான் கேக்கிறாங்கள்."

கேம்பர்டவுன் அருகில் இரண்டு எரிமலை ஏரிகள் அக்கம்பக்கமாக இருக்கின்றன. இடையில் ஒரு மேடு மட்டும். ஆனால் இரண்டிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் இல்லை. ஒன்று மேலே நீலமாக, மற்றது நன்றாகக் கீழே பச்சையாக, பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி வீட்டுக் கிணறுகள்போல் இருந்தன. அங்கே நிறுத்தி மாட்டுக்குத் தண்ணீர் காட்டினோம். மார்கரெட்டைக் கீழே இறக்கி வண்டியின் வளையத்தில் கட்டினார் அண்ணன். பயணத்தில் பாதிப் பசியோடு இருக்குமே என்று நான் கன்றைப் பிடித்துத் தாய் மடிக்குக் கொண்டு போனேன்.

மார்கரெட் திரும்பிப் பார்த்தாள். முகர்ந்தாள். பிறகு பின்னங்காலால் ஓர் உதை விட்டாள். நான் கன்றை இழுக்காவிட்டால் அதன் தாடையில் பட்டிருக்கும். கன்றோ மடி எது என்றே தெரியாமல் என் சட்டைப் பொத்தானைச் சப்பத் தொடங்கியது.

"அண்ணா, இது அதோட கன்னுதானா?"

"ஆர் சொன்னது?"

"பின்னே?"

"அவை கேட்டது ஒரு மாடும் ஒரு கண்டும். இந்தா மாடு. இந்தா கண்டு." அவர் நிதானமாக வாளியைக் கழுவினார். "மார்கரெட்டின்ர கண்டு நாம்பன், ஆண் கண்டு. ஒரு கிழமையிலயே வித்தாச்சு. இஞ்ச ஒரு மாடும் தன்ர கண்டுக்குப் பால் குடுக்கிறேல்ல தம்பி. பிறந்த அடுத்த நாளே பிரிச்சுப்போடுவாங்கள். கண்டுகளுக்கு வேறயாக் கொட்டில், ரப்பர்க் காம்பு வச்ச வாளி. அதுகள் அதையே தாயெண்டு நினைச்சுக்கொண்டு வளருதுகள். உள்ளதுக்குள்ள வடிவான கண்டாப் பாத்துத்தான் பிடிச்சு வந்தனான்."

என் கைபேசி அடித்தது. வசந்தி அக்கா. "எங்கடா வர்றீங்க? கன்னு பால் குடிச்சுதா?"

"வந்துட்டே இருக்கோம்க்கா. தண்ணி காட்டினோம்," என்றேன்.

"தண்ணி இருக்கட்டும். பால்?"

"சிக்னல் சரியில்லைக்கா."

போனை வைத்துவிட்டு இரண்டு ஏரிகளையும் பார்த்துக்கொண்டு நின்றேன். என் முகம் ஏன் வாடிவிட்டது என்று யோகன் அண்ணன் கேட்டார். அக்காவுக்கு ஆறாம் மாதம் என்பதையும், முன்னால் நடந்ததையும் சொன்னேன். நாளைக் காலை வாசற்படியில், எல்லோர் கண் முன்னாலும், இந்தப் பசு இந்தக் கன்றை உதைத்தால் அவர் என்ன ஆவார் என்று கேட்டேன். அண்ணன் வாளியைக் கீழே வைத்துவிட்டார்.

"இதை நீர் முதலே சொல்லியிருக்கலாம்," என்றார். பிறகு கன்றின் தலையைத் தடவினார். "இனித் திரும்பிப் போனாலும் தாயும் பிள்ளையுமா அங்க ஒண்டும் இல்ல. இதுகளைத்தான் சேர்த்துப் பாக்கவேணும். உமக்கு மாடு தெரியுமோ?"

தெரியும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் முதலில் போனவன் நான். ஆனால் அதற்கு முன்பே மாட்டுக்கொட்டகைக்குள் போய்விட்டவன். அப்பாவும் அம்மாவும் பிறர் மாடுகளை, கன்றில் பங்கு பெறும் வாரத்துக்கு வளர்த்தார்கள். தாயை இழந்த கன்று ஒன்று வந்தால், கன்றை இழந்த பசுவின் பாலையே அதன் முதுகில் தடவி, கல் உப்பைத் தூவி, பசுவின் முன்னால் விடுவாள் அம்மா. உப்புக்காக நக்கும். நக்க நக்கத் தன் வாசம் அதில் ஏறும். சில பசுக்கள் ஏற்றுக்கொள்ளும். சிலது கடைசி வரை ஏற்காது. எங்கள் வீட்டில் அதற்குப் பல நாள் பிடிக்கும். இங்கே எங்களுக்கு இருந்தது ஒரு பகல்.

கேம்பர்டவுனுக்குக் கிழக்கே சாலை வேறொரு நிலத்துக்குள் நுழைகிறது. எரிமலைக் குழம்பு ஓடிவந்து அப்படியே அலை அலையாக உறைந்த இடம். கறுத்த பாறை மேடுகள், இடையிடையே குழிகள், குழிகளில் பெரணிச் செடிகள். அங்கே முதலில் குடியேறியவர்கள் அந்தக் கற்களைப் பொறுக்கிப் பொறுக்கி வயல் வரப்புகளில் சுவராக அடுக்கியிருக்கிறார்கள். சுண்ணாம்பு இல்லை, சிமெண்ட் இல்லை. கல்லின் மேல் கல். கிலோமீட்டர் கணக்கில் ஓடுகிறது. நின்று பார்க்க ஆசைதான். ஆனால் என் மனம் முழுக்க உப்பில் இருந்தது.

கோலாக் ஊரில் மீனும் சிப்ஸும் விற்கும் கடை முன் நிறுத்தினோம். எனக்குப் பசி. யோகன் அண்ணனுக்கு அதைவிடப் பசி. கல்லாவில் இருந்த அம்மாள் வழக்கமான கேள்வியைக் கேட்டார்: "சாதா உப்பா, சிக்கன் உப்பா?"

இங்கே சிப்ஸுக்கு மஞ்சளாக ஓர் உப்புப் போடுவார்கள். அதற்குப் பெயர் சிக்கன் உப்பு. ருசி நாக்கில் ஒட்டிக்கொள்ளும். நான் எப்போதும் அதைத்தான் கேட்பேன். இன்று சாதா உப்பு, ஒரு கப் நிறைய, தனியாக வேண்டும் என்றேன்.

"ஒரு கப்பா? உங்களுக்கு ரத்த அழுத்தம் எதுவும் இல்லையே?"

"எனக்கில்லை. ஒரு கன்றுக்குட்டி மேல் தூவ."

அவர் எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சாப்பிடவா?"

நான் பதறி முழுக்கதையையும் சொன்னேன். பின்னால் வரிசையில் நின்ற கேரவன் தாத்தா ஒருவரும் அவர் மனைவியும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். கடைக்கார அம்மாள் கப்பை நிரப்பிவிட்டு, "சிக்கன் உப்பு நன்றாக ஒட்டும்," என்று யோசனை சொன்னார். "உண்மையில் அதில் கோழியே கிடையாது."

யோகன் அண்ணன் தமிழில் என்னிடம், "வேண்டாம். ஐயர் மணந்து பிடிச்சிடுவார்," என்றார்.

ஏரிக்கரையில் ஒரு மரநிழலில் மார்கரெட்டைக் கட்டினோம். அண்ணன் அவள் மடியிலிருந்து கொஞ்சம் பாலை என் உள்ளங்கையில் பீய்ச்சினார். நான் அதைக் கன்றின் கழுத்திலும் முதுகிலும் வால் அடியிலும் தேய்த்தேன். மேலே உப்பைத் தூவினேன். கன்று தன் முதுகைத் தானே நக்க முயன்று வட்டமாகச் சுற்றியது. கேரவன் தம்பதி மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். கடைக்கார அம்மாள் ஏப்ரனோடு வந்து நின்றார்.

மார்கரெட் முகர்ந்தாள். மூச்சு விட்டாள். நாக்கை நீட்டி ஒரு நக்கு. பிறகு இன்னொன்று. அவளுடைய நாக்கின் வேகத்துக்குக் கன்றின் நான்கு காலும் தள்ளாடின. கேரவன் பாட்டி கைதட்டினார். உப்புத் தீரும் வரை நக்கினாள். கன்று தைரியமாகி மடிப்பக்கம் ஓரடி வைத்தது. மீண்டும் உதை.

"உப்பைத்தான் பிடிச்சிருக்கு," என்றார் யோகன் அண்ணன். "கண்டை இல்லை."

கேரவன் தாத்தா எழுந்து ஃபுளோட்டை எட்டிப் பார்த்தார். "அந்தப் பலகையை ஏன் வைத்திருக்கிறீர்கள்? கழற்றிவிட்டு இரண்டையும் ஒன்றாக விடுங்கள். நானும் இவளும் இந்தச் சின்ன கேரவனில் ஏறும்போது பேச்சுவார்த்தை இல்லாமல்தான் ஏறினோம்."

"இப்போதும் பெரிதாக இல்லை," என்றார் பாட்டி.

கழற்றுவதில் ஆபத்து இருந்தது. வளைவில் மார்கரெட் சாய்ந்தால் கன்று நசுங்கும். யோகன் அண்ணன் ஃபுளோட்டின் கதவில் கை வைத்தபடி கன்றைப் பார்த்தார். முதலாளியின் கன்று. அவருடைய வேலை. பிறகு ஸ்பானரை எடுத்துக்கொண்டு உள்ளே ஏறினார். நான் கன்றின் மேல் மிச்ச உப்பையும் பூசினேன்.

அங்கிருந்து வண்டி நடந்தது என்றுதான் சொல்ல வேண்டும். பின்னால் சேர்ந்த வாகனங்களுக்கெல்லாம் ஒதுங்கி வழிவிட்டோம். ஒவ்வொரு ஊரிலும் நிறுத்தி நான் ஓடிப்போய் எட்டிப் பார்ப்பேன். முதலில் மார்கரெட் ஒரு மூலை, கன்று ஒரு மூலை. வின்செல்சியில் பார்த்தபோது இருவரும் ஒரே திசையில் முகம் வைத்திருந்தார்கள். கீலாங் தாண்டியபோது கன்று அவளுடைய கழுத்துக்கு அடியில் படுத்திருந்தது.

"என்னவாம்?" என்றார் அண்ணன்.

"சும்மா படுத்திருக்கு."

"மிதிக்கேல்லையே?"

"மிதிக்கலை."

"அது போதும், அது காணும்."

கீலாங்குக்கு அப்பால் இடது பக்கம் மலைத்தொடர் ஒன்று, கரடுமுரடான உச்சிகளோடு எழுந்தது. ஒருநாள் படிப்பில் எனக்கு நிபுணத்துவம் வந்துவிட்டிருந்தது. "அண்ணா, இதுதான் பெரிய எரிமலை போல," என்றேன். பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில், பம்பு அருகே நின்றவரிடம் அது எப்போது வெடித்தது என்றும் கேட்டுவிட்டேன். அது யூ யாங்ஸ், வெறும் கருங்கல் மலை, எரிமலையே இல்லை என்று அவர் சொன்னார். யோகன் அண்ணன் அன்று முழுக்கச் சிரிப்பதற்கு அது போதுமானதாக இருந்தது.

மாலை வெயிலில் டார்னீட் வந்து சேர்ந்தோம். தெருவில் எல்லா வீடும் புதிது, எல்லா மரமும் இடுப்பளவு. பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக் குழந்தைகள் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். பின்தோட்டத்தில் அஸ்திவாரம் தோண்டியபோது எடுத்த கறுப்புக் கற்கள் குவிந்து கிடந்தன. இத்தனை மாதம் அவற்றைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றியதில்லை. இப்போது கையில் எடுத்துப் பார்த்தேன். துளைத் துளையாக, பழக்கமான கல். மெல்பர்னின் மேற்கு முழுக்க அதே குழம்பு ஆறிய தரைதான். மண்வெட்டி இறங்கவில்லை என்று பிரபாகர் அண்ணன் புலம்பியது ஒரு பழைய எரிமலையைப் பார்த்துத்தான்.

வசந்தி அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வெளியே வந்தார். மார்கரெட்டின் நெற்றியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கன்றைப் பார்த்தார்.

"அம்மா கறுப்பு வெள்ளை. இது செவலையா இருக்கே?"

நான் கல்லைப் பார்த்தேன். யோகன் அண்ணன்தான் பேசினார். "தகப்பன்ர நிறம் அக்கா."

அக்கா அண்ணனை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனார். ராத்திரிக்குக் கன்றுக்கு வாளியில் பால் வைத்ததை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விடியற்காலையில் வாசலில் கோலம், மாவிலைக்குப் பதிலாக எலுமிச்சை இலைத் தோரணம். கோயிலிலிருந்து வந்த ஐயர், மார்கரெட்டின் அளவைப் பார்த்து ஒரு நிமிடம் மந்திரத்தை மறந்தார். நம் ஊர்ப் பசு இரண்டு சேர்ந்த உருவம் அது. நெற்றியில் மஞ்சள் குங்குமம், கழுத்தில் சாமந்தி மாலை. வாசற்படியில் நின்றுவிட்டாள். வாழைப்பழத்தைக் காட்டிப் பின்னாலேயே நடந்தார் யோகன் அண்ணன். ஒரு கால், இரண்டு கால், உள்ளே. நான் கன்றைப் பிடித்துக்கொண்டு கூடவே போனேன். கூடத்தில் பிளாஸ்டிக் விரிப்பின் மேல் இரண்டும் நின்றன. கூட்டம் சுவரோரமாக ஒட்டிக்கொண்டது.

கன்று என் பிடியிலிருந்து நழுவி மடிக்குப் போனது. மார்கரெட் உதைக்கவில்லை. ஆனால் ஒரு காலை நகர்த்தி ஒதுங்கிக்கொண்டாள். கன்று மறுபடி போனது. அவள் மறுபடி ஒதுங்கினாள். வசந்தி அக்கா ஆரத்தித் தட்டோடு நின்றவர், தட்டைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பிரபாகர் அண்ணன் எதையாவது செய்ய வேண்டுமே என்று சாம்பிராணித் தூளை அள்ளி நெருப்பில் போட்டார். புகை திரண்டு கூரைக்குப் போனது.

கூரையில் இருந்த புகை எச்சரிக்கைக் கருவி அலறியது. ஒன்று அலறினால் வீட்டில் உள்ள அத்தனையும் சேர்ந்து அலறுகிற ஏற்பாடு. காது கிழிந்தது. ஐயர் பின்கதவு வழியாகத் தோட்டத்துக்குப் போய்விட்டார். குழந்தைகள் அழுதார்கள். ஒருவர் துண்டை வீசினார், இன்னொருவர் துடைப்பத்தால் கருவியை அடித்தார். மார்கரெட் மிரண்டு கண்ணாடிக் கதவைப் பிளந்துகொண்டு ஓடப்போகிறாள் என்று நான் சுவரோடு சுவராகச் சாய்ந்தேன்.

அவள் ஓடவில்லை. சடாரென்று திரும்பினாள். கூடத்தின் நடுவில் விறைத்து நின்ற கன்றை மூக்கால் தள்ளினாள். தள்ளித் தள்ளி மூலைக்குக் கொண்டு போனாள். பிறகு அதற்கும் எங்களுக்கும் நடுவில் தன் மொத்த உடம்பையும் குறுக்கே வைத்து, தலையைத் தாழ்த்தி, எங்கள் எல்லோரையும் பார்த்து அடித்தொண்டையில் உறுமினாள். துடைப்பத்தோடு நின்றவர் துடைப்பத்தைக் கீழே போட்டார்.

யாரோ மெயின் சுவிட்சை அணைத்தார்கள். அலறல் ஒவ்வொன்றாக ஓய்ந்தது. அந்த அமைதியில் ஒரு சத்தம் மட்டும் கேட்டது. சப்பும் சத்தம். கன்று தலையை முட்டி முட்டிப் பால் குடித்துக்கொண்டிருந்தது. மார்கரெட் அசையவில்லை. கண்ணை எங்கள் மேல் வைத்தபடியே, நாக்கை மட்டும் பின்னால் நீட்டி அதன் முதுகை நக்கினாள். அங்கே இப்போது உப்பு ஏதும் இல்லை.

வசந்தி அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார். பிரபாகர் அண்ணன் பதறிப் போய்த் தோளைத் தொட்டார். அக்கா சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணீர் அது பாட்டுக்கு ஓடியது. "தகப்பன் நிறமாம்," என்றார் என்னைப் பார்த்து. "சேலத்துக்காரிகிட்டயா? எனக்கு நேத்தே தெரியும்டா." பிறகு கையால் எல்லோரையும் விலகச் சொன்னார். "யாரும் கிட்டப் போகாதீங்க. அது குடிக்கட்டும்."

மீதிப் பூஜையை ஐயர் தோட்டத்தில், எரிமலைக் கற்களின் பக்கத்தில் நின்று, ஜன்னல் வழியாக நடத்தினார். கார் நிறுத்தும் கொட்டகையில், கேம்ப் அடுப்பில் பால் பொங்கியது. அப்புறமும் மார்கரெட் மூலையை விட்டு நகரவில்லை. யார் கூடத்துக்குள் கால் வைத்தாலும் உறுமினாள். வாழைப்பழத்துக்கும் அசையவில்லை. நண்பகல் ஆனபோது யோகன் அண்ணன் வாசலில் நின்று முதலாளிக்குப் போன் செய்தார்.

"போஸ், இண்டைக்குத் திரும்பி வரக் கொஞ்சம் சுணங்கும்," என்றதை அவருடைய ஆங்கிலத்தில் சொன்னார். முதலாளி எதையோ கேட்டார். அண்ணன் கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே பார்த்தார்.

"இல்லை, மாட்டுக்கு ஒன்றுமில்லை. வீட்டுக்காரரைத்தான் அது உள்ளே விடமாட்டேன் என்கிறது."